தாத்தாவின் ரேடியோவுக்குள் ஒரு கம்ப்யூட்டர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் மக்களே, நான் பி.காம். படிக்கிறவன். டெபிட், கிரெடிட் தெரியும். ஸ்குரூ டிரைவரை எந்தப் பக்கம் திருப்பினால் இறுகும் என்பதை இப்போதும் ஒரு தடவை யோசித்துத்தான் சொல்வேன். எஞ்சினியரிங் நண்பர்கள் சிரிக்க வேண்டிய இடம் நிறைய வரும். தாராளமாகச் சிரிக்கலாம் :)

2024 மே மாதம், முதலாண்டுப் பரீட்சை முடிந்த கையோடு, சொந்தமாக ஒரு பொட்டி கட்டுவது என்று முடிவெடுத்தேன். கையில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு அக்கவுண்டன்சி டியூஷன் எடுத்துச் சேர்த்த 18,000 ரூபாய். அப்பா "படிப்புக்குத்தானே?" என்று மூன்று முறை கேட்டுவிட்டுக் கொடுத்த 12,000. ஆக மொத்தம் 30,000. "இதுக்கு மேல ஒரு பைசா கேக்கக் கூடாது" என்பது ஒப்பந்தம்.

சும்மா கட்டினால் போதுமா? பார்க்கிறவன் வாய் பிளக்க வேண்டாமா? கண்ணாடிக் கேபினெட், உள்ளே கலர் கலராகச் சுழலும் ஃபேன்கள், நாலு பக்கமும் திருவிழா சீரியல் செட் மாதிரி லைட்டு. இதுதான் என் கனவு. ரிச்சி தெருவில் விலை கேட்டேன். கேபினெட்டும் ஃபேனுமே 7,000-ஐத் தொட்டது. பட்ஜெட்டில் கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். வெறும் பெட்டிக்கு! மனசு கேட்கவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்த வாரம் சாத்தூரில் அம்மாச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கேதான் கண்ணில் பட்டது தாத்தாவின் வால்வு ரேடியோ.

தாத்தா ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்கெழுதியவர். சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய ரேடியோ அது. தேக்கு நிற மரப்பெட்டி. முன்னால் பழுப்புத் துணி போட்ட ஸ்பீக்கர், அதன் பக்கத்தில் ஊர்ப்பெயர்கள் அச்சடித்த கண்ணாடி டயல், கீழே நான்கு குமிழ்கள். உள்ளே இருந்த சமாசாரங்களை என்றைக்கோ ரிப்பேருக்குக் கழற்றிக்கொண்டு போன மெக்கானிக் திரும்பி வரவே இல்லையாம். காலிப் பெட்டிக்குள் அம்மாச்சி மாத்திரைச் சீட்டுகளும் ரேஷன் கார்டும் வைத்திருந்தார். அவற்றுக்கு அடியில் தாத்தாவின் ரேடியோ லைசென்ஸ் புத்தகம். 1980-களின் நடுப்பகுதி வரை நம் நாட்டில் வீட்டில் ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும், வருஷா வருஷம் தபாலாபீஸில் பணம் கட்ட வேண்டும். எனக்கு அதுவரை தெரியாது. பாட்டுக் கேட்க வரி! தாத்தா ஒரு வருஷம்கூட விடவில்லை.

"அம்மாச்சி, இத நான் எடுத்துக்கட்டுமா? உள்ள கம்ப்யூட்டர் வைக்கப் போறேன்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஏய்யா, அது பாட்டுப் படிச்ச பெட்டி. நீ கொண்டு போயி அது ஊமையா இருந்தா நல்லாவா இருக்கும்? பாட்டுப் படிக்கணும். பின்னால என்ன வேணாலும் பண்ணிக்கோ. மூஞ்சில கை வைக்காத" என்றார்.

இரண்டே நிபந்தனை. பெட்டி பாட வேண்டும், முன்பக்கத்தில் ஒரு துளைகூடப் போடக் கூடாது. போர்வையில் சுற்றி, நெல்லை எக்ஸ்பிரஸில் சீட்டுக்கு அடியில் தள்ளி, கூடவே இரண்டு கிலோ சேவும் கட்டிக்கொண்டு சென்னை வந்து சேர்ந்தேன்.

முதல் சோதனை அளவு. பெட்டியின் உட்பக்க ஆழம் 23 செ.மீ. முழு அளவு மைக்ரோ ஏடிஎக்ஸ் மதர்போர்டு 24.4 செ.மீ. சதுரம். உள்ளே போகாது. மினி ஐடிஎக்ஸ் 17 செ.மீ.தான், ஜம்மென்று உட்காரும். ஆனால் விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இரண்டு நாள் சோகத்துக்குப் பிறகு ஒரு கடைக்காரரே வழி சொன்னார்: "தம்பி, சீப்பான போர்டெல்லாம் ஒல்லியா இருக்கும், அளந்து பாருங்க." உண்மைதான். ரேம் போட இரண்டே இடம் உள்ள மலிவு மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டுகள் பலவும் ஒரு பக்கம் சுமார் 20 செ.மீ.தான் இருக்கின்றன. வாழ்க்கையில் முதல் தடவையாகக் காசில்லாததே வசதியாகப் போயிற்று. சேவு வந்த அட்டைப்பெட்டியை வெட்டி, போர்டு, எஸ்.எம்.பி.எஸ். அளவுக்குப் போலி துண்டுகள் செய்து உள்ளே வைத்துப் பார்த்துவிட்டுத்தான் காசை எடுத்தேன். யாராவது இந்த வேலையில் இறங்குவதாக இருந்தால் அட்டையிலிருந்து ஆரம்பியுங்கள். அட்டை தப்பானால் இன்னொரு அட்டை.

தனி கிராபிக்ஸ் கார்டு பட்ஜெட்டில் இல்லை. அதனால் கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கும் ரைசன் 5 5600ஜி. ஆறு கோர், 65 வாட்ஸ். மரப்பெட்டிக்குள் வைக்கப்போவதால் சூடு குறைவாக இருப்பதும் முக்கியம். நான் கொடுத்த விலைக் கணக்கு இது:

பிராசசர் 11,500
மதர்போர்டு 5,000
16 ஜிபி ரேம் 3,200
500 ஜிபி எஸ்எஸ்டி 3,000
எஸ்.எம்.பி.எஸ். 2,700
பழைய மானிட்டர் 3,000
கீபோர்டு, மவுஸ் 900
ரேடியோ வேலைகள் 1,200
மொத்தம் 30,500

(இதெல்லாம் 2024 ஜூன் விலை. 2025 கடைசியில் ரேம் விலை ஏறிய ஏற்றத்துக்குப் பிறகு இந்தப் பட்டியலை நம்பிக் கடைக்குப் போனால் நான் பொறுப்பல்ல.)

அந்த 2,700 ரூபாய் எஸ்.எம்.பி.எஸ். வரியை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு அதற்கு வருகிறேன்.

மரப்பெட்டியில் உள்ள பெரிய சிக்கல் அது இரும்பு இல்லை என்பது. சாதாரண கேபினெட்டில் எர்த் எல்லாம் தானாக அமைந்துவிடும். இதில் நாம்தான் அமைக்க வேண்டும். காயலான் கடையில் 200 ரூபாய்க்கு ஒரு பழைய கேபினெட்டின் உள்தகட்டை மட்டும் வெட்டி வாங்கினேன். போர்டும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் அந்த ஒரே தகட்டில் இறுக்கப்பட்டன. இதைச் செய்யாமல் போர்டை நேராகப் பலகையில் ஆணி அடிக்கிற வீர சாகசம் வேண்டாம்.

அடுத்தது ஆன் பண்ணும் வேலை. பழைய ரேடியோவில் இடது ஓரக் குமிழைத் திருகினால் 'டிக்' என்று உயிர் வருமே, அதேபோல் வரவேண்டும் என்று ஆசை. அதே மாதிரித் திருகு ஸ்விட்ச் வாங்கி மதர்போர்டின் பவர் முனைகளில் இணைத்தேன். திருகினேன். ஃபேன் சுற்றியது. கைதட்டுவதற்குள் அணைந்துவிட்டது. மறுபடி திருகினேன். மறுபடி அணைந்தது. இரண்டு நாள் எல்லாவற்றையும் கழற்றிக் கழற்றி மாட்டினேன். தூக்கம் போச்சு.

விஷயம் சின்னது. கம்ப்யூட்டரின் பவர் ஸ்விட்ச் அழைப்பு மணி பட்டன் மாதிரி, தொட்டுவிட்டு விட்டுவிட வேண்டும். சில விநாடிகள் தொடர்ந்து அழுத்தினால் 'வலுக்கட்டாயமாக அணை' என்று அர்த்தம். என் திருகு ஸ்விட்ச் ஆன் ஆன இடத்திலேயே நின்றுவிடுவதால், மதர்போர்டு பாவம் ஒவ்வொரு முறையும் சொன்ன பேச்சைக் கேட்டு அணைந்திருக்கிறது. 20 ரூபாய் புஷ் பட்டனைக் குமிழுக்குப் பின்னால் ஒட்டியதும் எல்லாம் சரி. இப்போது திருகுவதற்குப் பதில் குமிழை அழுத்த வேண்டும்.

பிறகு பாட்டு. முன்பக்கத் துணிக்குப் பின்னால் இருக்கும் வட்ட ஓட்டை, 12 செ.மீ. ஃபேன் வைப்பதற்கென்றே செய்த மாதிரி இருந்தது. அங்கே ஃபேன் வைத்தால் துணி வழியாகக் காற்று வரும், யாருக்கும் தெரியாது. ஆனால் ஸ்பீக்கரை எங்கே வைப்பது? பெட்டி பாட வேண்டுமே. ஸ்பீக்கர்தான் வைத்தேன். ஒரு குட்டி ஆம்ப்ளிஃபயர் போர்டு, வால்யூமுக்கு இன்னொரு குமிழ். டயலுக்குப் பின்னால் மஞ்சள் எல்.இ.டி. பட்டை. விளக்கை அணைத்துவிட்டுப் போட்டுப் பார்த்தபோது டயலில் சிலோன், டெல்லி, மதராஸ் எல்லாம் எரிந்தன. கண்ணாடிக் கேபினெட் கனவு அந்த நிமிஷத்தோடு செத்துப்போனது.

சந்தோஷம் அரை மணி நேரம். கிரிக்கெட் கேம் ஒன்றைப் போட்டதும் பிராசசர் 95 டிகிரியைத் தொட்டுவிட்டுத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. பின் அட்டையில் ஒரு ஃபேன் வெளியே ஊதிக்கொண்டிருந்தது, ஆனால் உள்ளே காற்று வர வழியே இல்லை. கடைசியில் பெட்டியின் அடிப்பலகையில் துளைகள் போட்டு, அங்கே ஒரு ஃபேனைப் படுக்க வைத்து, கைத்தடிக்குப் போடுகிற ரப்பர் புஷ் நான்கு வாங்கிக் காலாக மாட்டி உயர்த்தினேன். 78 டிகிரிக்கு இறங்கியது. அடிப்பலகை மூஞ்சியில் சேராது, அதனால் வாக்குத் தவறவில்லை.

இப்போது அந்த 2,700 ரூபாய்க்கு வருவோம்.

கடையில் அவர் கேட்டது ஒரே கேள்வி: "பில்லோடவா, பில் இல்லாமலா?" பில்லோடு 3,186. பில் இல்லாமல் 2,700. வித்தியாசம் 486, அதாவது சரியாக 18 சதவீத ஜிஎஸ்டி. கம்பெனி பெயர்கூட நான் கேள்விப்படாதது. பட்ஜெட் ஏற்கெனவே எல்லை தாண்டியிருந்தது. ஜிஎஸ்டியைப் பாடமாகவே படிக்கிற நான், "பில் வேண்டாண்ணே" என்றேன். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

செப்டம்பரில் ஒரு சாயங்காலம். வீட்டில் நான் மட்டும். அசைன்மென்ட் தட்டிக்கொண்டிருந்தேன். 'டப்' என்று ஒரு சத்தம். ரேடியோவின் பின்பக்கத்திலிருந்து புகை. மரப்பெட்டி, துணி, அட்டை, உள்ளே நெருப்பு. ஓடிப்போய்ச் சுவரில் பிளக்கைப் பிடுங்கினேன். பின் அட்டையைக் கழற்றுகிறபோது கை கிடுகிடுவென்று ஆடியது.

தீ பிடிக்கவில்லை. எஸ்.எம்.பி.எஸ். செத்துவிட்டது. மற்ற பாகங்கள் எப்படியோ தப்பின. ஆனால் பெட்டியின் உள்சுவரில், உள்ளங்கை அளவுக்குக் கருப்பாக ஒரு கரி. தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை.

கடைக்குப் போனால், பில் எங்கே என்றார்கள். அவர்கள் கேட்டதில் தப்பில்லை. நான்தானே வேண்டாம் என்றது.

எங்கள் பாடத்தில் வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்குத் தேய்மானம் 40 சதவீதம், குறைந்துசெல் மதிப்பு முறையில். 30,000 ரூபாய்ப் பொருள் ஒரு வருஷத்தில் 18,000, அடுத்து 10,800, மூன்றாம் வருஷக் கடைசியில் 6,480. உள்ளே இருக்கிற எல்லாமே இப்படிக் கரைந்துபோகிறவைதான். கரைந்தால் வேறு வாங்கிக்கொள்ளலாம். அந்த மரப்பெட்டிக்குக் கணக்குப் புத்தகத்தில் மதிப்பு பூஜ்யம். அதனால் என் பட்டியலில் அதற்கு ஒரு வரியே நான் போடவில்லை. எரிந்திருந்தால் எந்தத் தெருவில் போய், எத்தனை ரூபாய்க்கு, பில்லோடோ பில் இல்லாமலோ வாங்கியிருப்பேன்? 486 ரூபாயை மிச்சம் பிடிக்கப்போய் நான் பணயம் வைத்தது அதைத்தான். பாட்டுக் கேட்கக்கூட ஒழுங்காக வரி கட்டிய மனுஷனின் பெட்டி அது.

ஆகவே உங்களுக்கு நான் சொல்ல முடிந்தது ஒன்றுதான். பட்ஜெட் போடும்போது திரும்ப வாங்க முடியாதது எது என்று முதலில் எழுதுங்கள். அதைக் காப்பாற்றுகிற பாகத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். லைட்டில் குறையுங்கள், கீபோர்டில் குறையுங்கள், எஸ்.எம்.பி.எஸ்.ஸில் குறைக்காதீர்கள். பில் வாங்குங்கள்.

நண்பனிடம் கடன் வாங்கி, 3,186 கொடுத்து, பெயர் தெரிந்த கம்பெனியின் எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பில்லோடு வாங்கினேன். பில்லை அந்த லைசென்ஸ் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன்.

தீபாவளி சமயத்தில் அம்மாச்சி கண் ஆபரேஷனுக்காகச் சென்னை வந்தார். ஒரு கண்ணில் கட்டு. நாற்காலியை ரேடியோ முன்னால் இழுத்துப் போட்டு உட்காரவைத்தேன். குமிழ்களைத் தடவிப் பார்த்தார். துணியைத் தடவினார். நான் பழைய பாட்டு ஒன்றைப் போட்டதும் தலையை ஆட்டிக்கொண்டே முழுசும் கேட்டார்.

"நல்லாத்தான் படிக்குது. ஆனா பாட்டுக்கு முன்னாடி ஒருத்தர் பேசுவாரே, சிலோன்ல. அவரு எங்க?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்த பாட்டைப் போட்டேன்.

"எவ்வளவுய்யா ஆச்சு எல்லாஞ் சேத்து? ஒங்க தாத்தான்னா பைசா சுத்தமா கணக்குக் கேட்டிருப்பாரு."

"முப்பதாயிரத்து ஐநூறு, அம்மாச்சி."

பொய். 33,686. அந்தக் கரியைப் பற்றியும் சொல்லவில்லை. அப்பாவுக்கும் இன்று வரை தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துவிடும். தெரியட்டும் என்றுதான் எழுதினேன்.