முல்லையாற்றங்கரையில் மூன்று தலங்கள்

தேனியிலிருந்து சின்னமனூர் வரை ஒரு முறையாவது சைக்கிளில் போக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அந்த ஆசையை வேண்டுதலாக மாற்றியவள் என் மனைவி. வழியிலும் முடிவிலுமாக மூன்று தலங்களைத் தரிசிப்பதாக நேர்ந்துகொண்டாள். அதற்குக் காரணம் என் கண்.

எனக்குக் கண் நீர் அழுத்த நோய். வலி கிடையாது, சிவப்பு கிடையாது. பக்கப் பார்வை ஓரத்திலிருந்து மெல்லத் தேய்ந்துகொண்டே வரும். போன பார்வை திரும்பாது. மருந்து விட்டால் இருப்பதைக் காத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். வங்கி வேலையில் இருந்த நாட்களில் கண் பரிசோதனையைத் தள்ளிப் போட்டது முழுக்க என் தவறு. நாற்பது வயதைத் தாண்டிய வாசகர்கள் கண் அழுத்தத்தை அவசியம் பார்த்துக்கொள்ளுங்கள். என் வலக்கண்ணில் இப்போது நடுப்பகுதி மட்டுமே தெரிகிறது. மற்ற இடம் இருட்டாக இருப்பதில்லை. அப்படி ஓர் இடமே உலகில் இல்லாததுபோல் இருக்கிறது. ஸ்கூட்டரை மருத்துவர் முன்பே நிறுத்திவிட்டார். சைக்கிளையும் குறைத்துக்கொள்ளுங்கள் என்று சென்ற முறை சொன்னார்.

ஆனி மாதம் ஒரு வியாழக்கிழமை, விடியுமுன் தேனியில் மைத்துனர் வீட்டிலிருந்து புறப்பட்டோம். எனக்கு மைத்துனரின் பழைய சைக்கிள். அவளுக்கு, அவர் மகளுக்குப் பள்ளியில் கொடுத்த இலவச சைக்கிள். நான் முன்னே, அவள் பின்னே. பின்னால் வண்டி வந்தால் அவள் ஒரு முறை மணி அடிப்பாள். இரண்டு முறை அடித்தால் நான் உடனே நின்றுவிட வேண்டும். இதுதான் எங்கள் ஒப்பந்தம்.

பழனிசெட்டிபட்டியைக் கடந்ததும் எதிர்காற்று பிடித்துக்கொண்டது. ஆனி, ஆடியில் இந்தப் பள்ளத்தாக்கில் தென்மேற்குக் காற்று அப்படித்தான் வீசும். வீரபாண்டியை அடையும்போது நன்றாக விடிந்துவிட்டது.

முல்லையாற்றின் கரையில் அருள்பாலிக்கிறாள் கௌமாரியம்மன். சித்திரைத் திருவிழாவில் இங்கே நிற்க இடம் கிடைக்காது. முக்கிளை கொண்ட அத்திமரக் கம்பத்துக்கு ஆற்று நீரைச் சுமந்துவந்து ஊற்றுவார்கள். அக்கினிச் சட்டி ஏந்துவார்கள். நாங்கள் போனபோது பத்துப் பேர்கூட இல்லை. பார்வை இழந்து இவ்விடம் வந்த வீரபாண்டிய மன்னனுக்கு அம்மன் அருளால் ஒரு கண்ணும், அருகில் கோயில் கொண்டுள்ள கண்ணீஸ்வரமுடையார் அருளால் மறு கண்ணும் கிடைத்தன என்பது தல வரலாறு. என் மனைவி வெள்ளிக் கண்மலர் வாங்கிக் காணிக்கை செலுத்தினாள். போன கண்ணைக் கேட்டாயா என்றேன். "இருக்கிறதைக் கேட்டேன். அதுவே பெரிசுங்க" என்றாள்.

நெடுஞ்சாலையில் சிறிது தூரம் போய், உப்புக்கோட்டை வழியே குச்சனூர் சாலையில் திரும்பினோம். பேருந்தில் போகிறவர்களுக்கு இந்த வயல்களின் மணம் கிடைக்காது. ஜூன் மாதம் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் திறந்தால் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நிலம் உயிர்பெறும். மேற்கே ஓடி அரபிக்கடலில் கலந்த நதியை அணை கட்டித் தேக்கி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். 1895-இல் நிறைவேறிய பணி அது. அதை முன்னின்று முடித்த பென்னிகுவிக்கின் படம் இங்கே பல வீடுகளில் சாமி படங்களோடு மாட்டியிருக்கும். அவர் பெயரால் தை மாதத்தில் பொங்கலும் வைப்பார்கள். நாங்கள் போனபோது ஒரு புறம் நாற்று பறித்துக்கொண்டிருந்தார்கள், மறுபுறம் நடவு. அடுத்து வாழைத் தோட்டங்கள்.

குச்சனூருக்குச் சற்று முன்பு, வாய்க்கால் திருப்பத்தில் இரண்டு மணி கேட்டது. கேட்டது உண்மை. ஆனால் ஒன்றா இரண்டா என்று மனம் எண்ணி முடிப்பதற்குள், வலப்புற வயலிலிருந்து ஒரு டிராக்டர் சாலையில் ஏறிவிட்டது. அது அங்கே இருப்பதே எனக்குத் தெரியவில்லை. ஓட்டியவர் பிரேக் போட்டார். நான் இடப்பக்கம் ஒடித்து, முழங்கால் வரை சேற்றில் நின்றேன். "என்ன பெரியவரே, பார்த்து வரக்கூடாதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் கேட்டது நியாயந்தான்.

வாய்க்காலில் காலைக் கழுவிக்கொண்டு கரையில் உட்கார்ந்தோம். அவள் கை நடுங்கிக்கொண்டிருந்தது. நெடுநேரம் இருவரும் பேசவில்லை. பிறகு நானே சொன்னேன், இன்றோடு போதும் என்று. அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

குச்சனூரில் சனீஸ்வர பகவான் சுயம்பு மூர்த்தி. திருமேனி வளர்ந்துகொண்டே இருப்பதாகவும், அதனால் மஞ்சள் காப்பு சாத்துவதாகவும் சொல்கிறார்கள். ஆடிச் சனிக்கிழமைகளில் பெருங்கூட்டம் இருக்கும். நிதானமாகத் தரிசிக்க விரும்புவோர் வேறு நாளில் வரலாம். தினகரன் என்னும் மன்னனைச் சனி பிடித்தபோது, அவன் எடுத்து வளர்த்த பிள்ளை சந்திரவதனன் சுரபி நதிக்கரையில் சனி பகவானை வழிபட்டு, தந்தையின் துன்பத்தைத் தனக்குத் தரும்படி வேண்டினானாம். பகவான் மனமிரங்கி, ஏழரை நாழிகை மட்டும் அவனைப் பிடித்து விலகினார் என்கிறது தல புராணம். ஏழரை நாழிகை என்றால் மூன்று மணி நேரம். கணக்குப் போட்டுப் பார்க்கும் பழக்கம் என்னை இன்னும் விடவில்லை. மனைவி எள் தீபம் ஏற்றி, கண்மூடி வெகு நேரம் நின்றாள். சந்திரவதனன் கேட்டதைத்தான் அவளும் கேட்கிறாளோ என்று எனக்கு அச்சம் வந்தது. அப்படி எதுவும் வேண்டாதே என்றேன். பதில் சொல்லவில்லை.

அங்கிருந்து மார்க்கையன்கோட்டை வழியாகச் சின்னமனூர் வரை சைக்கிள்களைப் பெரும்பாலும் தள்ளிக்கொண்டே நடந்தோம். இந்த முறை அவள் என் வலப்புறம் வந்தாள். வெயில் ஏறியதும் வாழைத்தோப்பு நிழலில் தங்கி, புளியோதரையைச் சாப்பிட்டோம்.

சின்னமனூர் அவள் பிறந்த ஊர். அரிகேசரிநல்லூர் என்பது அதன் பழம்பெயர். பாண்டியர் வரலாற்றுக்கு ஆதாரமான சின்னமனூர்ச் செப்பேடுகள் கிடைத்த ஊர் இதுதான். பூலாநந்தீஸ்வரர் கோயிலுக்கு மாலைப் பூஜைக்குப் போய்விட்டோம். ஓங்கி வளர்ந்து நின்ற லிங்கத்தை மன்னன் அன்பால் தழுவ, இறைவன் அவன் உயரத்துக்குக் குறைந்து கொடுத்தாராம். அதனால் அளவுக்கு அளவானவர் என்று பெயர். அன்னை சிவகாமியம்மன். சிறு வயதில் இந்தப் பிராகாரத்தில் ஓடியாடிய கதைகளை மனைவி சொல்லிக்கொண்டே வந்தாள். வாய்க்கால் திருப்பத்துக்குப் பிறகு அவள் சிரித்தது அங்கேதான்.

இரவு அவளுடைய பெரியப்பா மகன் வீட்டில் தங்கினோம். இரண்டு சைக்கிள்களையும் அவருடைய சரக்கு ஆட்டோவில் தேனிக்கு அனுப்பிவிடலாம் என்றார். சைக்கிளின் சாவியை அவரிடம் கொடுத்தேன். ஒன்பது மணிக்கு, வழக்கம்போல், சொட்டு மருந்தை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள் என் மனைவி.