ஓடாவி ஐயாவும் பள்ளிக்கூட வாங்குகளும்

எங்கள் ஊர்ப் பாடசாலையின் பின்பக்கம் ஒரு பொருளறை உண்டு. கால் தளர்ந்த வாங்குகள், முதுகு கழன்ற கதிரைகள், பலகை பிளந்த மேசைகள் எல்லாம் கூரை முட்ட அங்கே குவிந்து கிடக்கும். அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களில் புதுத் தளபாடத்துக்குக் காசு சேர்ப்பது பற்றியே பேசுவோம். புதுக் கதிரை கொடுத்தால் முதுகில் பெயர் எழுதலாம். பழுதுபார்த்த கதிரையில் யார் பெயரை எழுதுவது? காசு இல்லாதவர் கையால் உதவலாமே என்று நான் சொன்னபோது, பேரப்பிள்ளைக்காக வந்திருந்த ஓடாவி ஐயா திரும்பிப் பார்த்தார். “கை இருக்கு. பழக்கம் இருக்கோ?”

இருக்கவில்லை. நான் துறைமுகப் பக்கத்து அலுவலகமொன்றில் இலிகிதர்.

எங்கள் திருகோணமலைப் பள்ளிகள் பல ஊரவர் கொடுத்து எழுந்தவை. தங்கம்மா சண்முகம்பிள்ளை 1923இல் தொடங்கியதுதான் இன்றைய ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி. விபுலானந்த அடிகள் இந்துக் கல்லூரிக்கு அதிபராக இருந்தார். 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவிபெறும் பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசின் கைக்குப் போயின. நல்ல மாற்றம்தான். ஆனால் ‘அது அரசாங்கத்தின் சாமான்’ என்ற எண்ணமும் அதோடு நமக்குள் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். சம்பளமும் பாடநூலும் அரசிடமிருந்து வரும். ஆடுகிற வாங்கை இறுக்க அங்கிருந்து யாரும் வரப்போவதில்லை.

ஐயா ஒரு காலத்தில் மரவள்ளம் கட்டியவர். பைபர் வள்ளங்கள் வந்தபின் கதவு, யன்னல் என்று மாறினார். பழகவென்று நான் போனபோது, முதல் வேலையாக என் ஆணிப் பெட்டியை வாங்கி அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டார். கடலுப்புக் காற்றில் ஆணி துருவேறும். துரு உதிர உதிரத் துளை பெருக்கும். அடுத்து வருபவர் பக்கத்திலேயே இன்னொன்று அடிப்பார். பொருளறையில் கிடந்தவற்றில் பல பிள்ளைகள் உடைத்தவையல்ல, ஆணி கெடுத்தவை.

ஆணிக்குப் பதில் கழுந்து. காலின் தலையை நாற்புறமும் ஒடுக்கிச் செதுக்கினால் மிஞ்சி நிற்கும் முனை அது. குறுக்குச் சட்டத்தின் துளைக்குள் இறங்கும். அதைச் செதுக்கும் முன் உளி தீட்டவேண்டும். வாரக்கணக்கில் கல்லும் தண்ணீருமாகவே கழிந்தது. உளியின் சரிவு கல்லில் முழுதாகப் படிய வேண்டும். என் மணிக்கட்டோ ஆடிக்கொண்டே இருக்கும், சரிவு உருண்டுபோகும். ஐயா கண்ணால் பார்க்கவே மாட்டார். உளியின் தட்டைப் பக்கத்தில் பெருவிரலை வைத்து நுனிநோக்கி வழிப்பார். “இல்லை.” திரும்பவும் கல்லுக்கு. அவர் விரல் தேடியது, நுனியோரம் மயிரிழையளவு சுருண்டு நிற்கும் பிசிறை. அது விளிம்பு நெடுகத் தட்டுப்பட்டால்தான் தீட்டியது நுனிவரை போயிருக்கிறது. எனக்கு ஒரு மூலையில் மட்டும் தட்டும், மறுமூலை வழுக்கும். மணிக்கட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு உடம்பையே முன்னும் பின்னும் ஆட்டப் பழகிய பிறகுதான் அந்த “இல்லை” நின்றது.

அடுத்தது ஆப்பு. கழுந்தின் நுனியில் வாளால் ஒரு வெட்டுப் போட்டு, துளையின் மறுபக்கத்தில் ஆப்பை இறக்கினால் கழுந்து விரிந்து இறுகும். நான் முதலில் அதைச் சட்டத்தின் நார் ஓடும் வழியே வைத்து அடித்தேன். நல்ல முதிரைச் சட்டம், நீளத்துக்குப் பிளந்தது. ஐயா ஏசவில்லை. வேறொரு சட்டத்தின் துளைக்குள் விரலை விட்டு நாலு பக்கமும் தடவச் சொன்னார். இரண்டு சுவர் வழுவழுப்பு. நார் அறுபட்ட மற்ற இரண்டும் சொரசொரப்பு. “சொரசொரப்பான பக்கந்தான் தாங்கும் தம்பி. ஆப்பு அதைத்தான் தள்ளோணும்.” அதாவது ஆப்பு நாருக்குக் குறுக்கே நிற்கவேண்டும். படம் போட்டுக் காட்டியிருந்தால் மறந்திருப்பேன், விரல் மறக்கவில்லை.

பெரிய தோல்வி தெரியவர மாதங்கள் பிடித்தன. ஐயா சுகமில்லாமல் இருந்த ஒரு மார்கழி விடுமுறையில், நானும் சில பழைய மாணவர்களும் ஒரு வகுப்பின் வாங்குகளை முடித்துக் கொடுத்தோம். வெளியே வாடைக்காற்றும் மழையும். ஒவ்வொரு பொருத்தும் கல்லாக இறுகி நின்றது. அதிபர் கூட்டத்தில் எங்களைப் பாராட்டிப் பேசினார். ஆனியில் கச்சான் வீசத் தொடங்கியதும் ஒன்றன்பின் ஒன்றாக ஆடத் தொடங்கின. பிள்ளைகள் அந்த ஆட்டத்தில் தாளம் போடவும் பழகிவிட்டார்கள். ஐயா வந்து ஒரு கழுந்தை வெறுங்கையால் உருவியெடுத்தார். ஈர மரத்தில் அளவெடுத்திருக்கிறோம். உலர்ந்ததும் அது ஒடுங்கிவிட்டது. இடுக்கில் பசை நிரப்பலாமா என்று கேட்டேன். “வள்ளத்தில அப்பிடிச் செய்தா ஆள் கரைக்கு வராது. கழட்டு.” எல்லாவற்றையும் கழற்றினோம். அதுமுதல் கழுந்துக்குரிய மரத்தைக் கச்சான் முழுதும் தகரக் கூரையின் கீழ்ப் பரணில் உலர விடுகிறோம். உலர்ந்த கழுந்து துளைக்குள் போனபின் மாரியின் ஈரத்தை வாங்கி இறுகும்.

கழுந்து கையால் தள்ள முக்கால் தூரம் போகவேண்டும். மிச்சத்தைக் கொட்டாப்புளியால் தட்டி இறக்கவேண்டும். முதலில் தட்டும் ஒலி வெறுமையாக இருக்கும்; காலின் தோள் சட்டத்தில் அமர்ந்ததும் கனத்துவிடும். அதற்கு மேல் ஒரு தட்டுத் தட்டினாலும் கேடு. ஒரு நாள் ஒலி கனத்த கணத்தில் என் கை தானாக நின்றது. ஐயா ஒன்றும் சொல்லாமல் அடுத்த காலை எடுத்து நீட்டினார்.

சனிக்கிழமைகளில் இப்போது வேறு சிலரும் வருகிறார்கள். சங்கத்திடம் மரத்துக்கும் பசைக்கும் மட்டுமே காசு கேட்கிறோம். முதலாம் தரத்தில் பிள்ளைகளின் கால் நிலத்தில் படாத கதிரைகள் இருக்கின்றன. அவற்றைக் குட்டையாக்க வேண்டும். அளவெடுக்கும் பொறுப்பை ஐயா என்னிடம் தந்தார். எடுத்து எழுதிக் கொடுத்தேன். தாளைப் பார்த்துத் தலையசைத்தவர், தன் மடக்கு அளவுகோலை எடுத்துக்கொண்டு வகுப்பறைக்குப் போனார்.