அண்ணன் பெயரில் எழுதிய கடிதம்

1992இல் நான் பெரியவளானபோது தென்காசியில் சீசன் தொடங்கியிருந்தது. தெருவில் சாரல். பையன்கள் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு குற்றாலத்துக்கு சைக்கிள் மிதித்தார்கள். நான் பின்கட்டு அறையில் தனிப் பாய், தனித் தட்டு, தனித் தம்ளரோடு பதினாறு நாள் உட்கார்ந்திருந்தேன். வாசலில் ஆச்சி காவல். "ஏட்டி, நடைக்கு வெளிய தலைய நீட்டாத" என்பதைத் தவிர அந்தப் பதினாறு நாளில் அவள் என்னிடம் அதிகம் பேசியதாக நினைவில்லை.

மூன்றாம் நாள் அண்ணன் ஜன்னல் கம்பி வழியாக ஒரு கட்டு காமிக்ஸை உள்ளே தள்ளினான். "கிழிச்சின்னா கொன்னுருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். அதற்கு முன்பும் நான் காமிக்ஸ் படித்திருக்கிறேன். ஆனால் அண்ணன் படித்து, அவன் நண்பர்கள் படித்து, அட்டை கிழிந்த பிறகுதான் என் கைக்கு வரும். கடைக்குப் போய் வாங்குவது பையன்கள் வேலை. முதல்முறையாக ஒரு முழுக் கட்டும் எனக்கே எனக்காக வந்தது அந்தத் தீட்டு அறையில்தான்.

சிவகாசி எங்களுக்குப் பக்கம். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டினால் வந்துவிடும். பட்டாசும் காலண்டரும் அடிக்கிற அந்த ஊரிலிருந்துதான் 1972இல் முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோடு கிளம்பியது. 1984 ஜூலையில் லயன் காமிக்ஸ் வந்தது. அதே காலத்தில் ராணி காமிக்ஸும் வந்தது. மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும் மாயாவியை எங்கள் தெருவில் தெரியாத பிள்ளை கிடையாது. அந்தக் கதைகளில் பெண்கள் எங்கே இருந்தார்கள்? ஜானி நீரோவுக்கு ஸ்டெல்லா என்றொரு காரியதரிசி. காட்டில் வேதாளருக்கு ஒரு டயானா. டயானா ஐ.நா. சபையில் வேலை பார்ப்பவள் என்று கதை சொல்லும். நான் பார்த்த படங்களில் பெரும்பாலும் யாராவது அவளைக் கடத்திக்கொண்டு போவார்கள்.

அந்தக் கட்டில் ஒரு பழைய இதழ் இருந்தது. 'கத்தி முனையில் மாடஸ்டி'. லயனின் முதல் இதழே அதுதான் என்பது பிறகு தெரிந்தது. மாயாவிகளும் துப்பறிவாளர்களும் கோலோச்சிய சந்தையில் ஒரு பதிப்பகம் தன் முதல் அடியை ஒரு பெண்ணை நம்பி எடுத்து வைத்திருக்கிறது. இன்றைக்கும் இது எனக்கு வியப்புதான்.

மாடஸ்டிக்கு வீடு கிடையாது, அப்பா பெயர் கிடையாது. போரில் அநாதையாகி, அகதியாக நாடு நாடாக நடந்து வளர்ந்தவள். இரண்டாம் உலகப் போரின்போது ஈரானில் பீட்டர் ஓ'டொனல் என்ற பிரிட்டிஷ் சிப்பாய் தனியாக நடந்துபோன ஓர் அகதிச் சிறுமியைப் பார்த்தார். அந்த நினைவிலிருந்து பின்னாளில் அவர் உருவாக்கிய பாத்திரம் இது. 1963இல் லண்டன் நாளிதழ் ஒன்றில் தொடராக வந்தது. அவளுக்கு வில்லி கார்வின் என்று ஒரு தோழன் உண்டு. காதலன் இல்லை, கணவன் இல்லை, எஜமானன் இல்லை. அவள் சொல்வதை அவன் கேட்பான். அவன் மாட்டிக்கொண்டால் அவள் போய் மீட்பாள். தமிழில் அவளை இளவரசி என்றார்கள். வெளியே தலை நீட்டக் கூடாத அறையில் உட்கார்ந்து, பாலைவனத்தைத் தனியே நடந்து கடந்த ஒருத்தியைப் பற்றி மூன்று தடவை படித்தேன்.

தண்ணீர் ஊற்றி வெளியே வந்ததும் ஒரு தபால் கார்டு எடுத்து ஆசிரியருக்கு எழுதினேன். 'மாடஸ்டி கதைகளை இன்னும் அதிகம் போடுங்கள்.' வாசகர் கடிதப் பக்கத்தில் நான் பார்த்ததெல்லாம் ஆண் பெயர்கள். அதனால் கீழே அண்ணன் பெயரைப் போட்டேன். போட்ட பிறகு அவனுக்குத் தெரிந்துவிடுமோ என்று பயம் வந்தது. கார்டு தபால் பெட்டிக்குப் போகவே இல்லை. பிளஸ் டூ முடிக்கும்போது அந்தக் காமிக்ஸ் கட்டும் பழைய பேப்பர்காரரின் தராசில் ஏறியது. அண்ணனுடைய புத்தகங்கள், அவன் விற்றான். என்னிடம் கேட்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

பிறகு தமிழ் படித்தேன், முனைவர் பட்டம் வாங்கினேன், கவிதைத் தொகுப்புகள் போட்டேன். என்னைப் பாதித்த நூல்கள் எவை என்று மேடைகளில் கேட்கும்போதெல்லாம் சங்க இலக்கியம் என்பேன், ஆண்டாள் என்பேன். மாடஸ்டி என்று ஒருநாளும் சொன்னதில்லை. பொம்மைப் புத்தகம் படித்தவள் என்று தெரிந்தால் பேராசிரியர் நாற்காலி ஆடிவிடும் என்று நினைத்தேன்.

2012இல் லயன் ஒரு சிறப்பிதழோடு மீண்டு வந்தபோது நான் சொந்தச் சம்பளத்தில், சொந்தப் பெயரில் வாங்க ஆரம்பித்தேன். நல்ல தாள், முழு வண்ணம். இப்போது புதிதாக வருவதை ரசிகையாகவும் படிக்கிறேன், விடாமல் கேள்வியும் கேட்கிறேன். டெக்ஸ் வில்லர் கதைகளின் வேகம் பிடிக்கும். ஆனால் அத்தனை பக்கங்களில் ஒரு பெண் வாயைத் திறந்து இரண்டு பலூன் பேசினால் அதிசயம். இத்தாலியிலிருந்து வந்த ஜூலியா எனக்கு நெருக்கமானவள். குற்றவியல் சொல்லிக்கொடுக்கும் விரிவுரையாளர், நாட்குறிப்பு எழுதுகிறவள், பயப்படுகிறவள். துப்பாக்கியைவிட யோசனையை நம்புகிறவள். அவள் கொலைகாரனைத் தேடிப் போகும்போது வீட்டைப் பார்த்துக்கொள்பவள் எமிலி என்ற கறுப்பினப் பணிப்பெண். எமிலியின் வீட்டை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று எந்தக் கதையாவது சொல்லாதா என்று காத்திருக்கிறேன்.

மாடஸ்டியையும் மறுபடி படித்தேன். எதிரிகளைத் திகைக்க வைக்க அவள் மேலாடை இல்லாமல் அறைக்குள் நுழையும் உத்தி ஒன்று உண்டு. பதிமூன்று வயதில் என் கண்ணில் படாதது இப்போது படுகிறது. ஆண்கள் எழுதி, ஆண்கள் வரைந்து, ஆண்கள் பார்ப்பதற்காகச் செய்த உடல் அது. ஆனாலும் அவளைத் தூக்கி எறிய முடியவில்லை. அந்த அறையில் எனக்கு வேறு யாரும் வரவில்லையே.

பெண்களின் கை பட்ட புத்தகங்களில் வேறொன்று நடக்கிறது. 2014இல் தனித் தொடராக வந்த மிஸ் மார்வெலில் கமலா கான் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பதின்வயதுப் பெண், அமெரிக்காவின் ஜெர்சி சிட்டியில் வளர்கிறவள். சக்தி கிடைத்ததும் முதலில் பொன்னிறக் கூந்தல் வெள்ளைக்காரியாகத்தான் உருமாறுகிறாள். பிறகுதான் தன் முகத்தோடேயே நாயகியாக இருக்கலாம் என்று புரிகிறது. சிவப்பழகுக் களிம்பு பூசி வளர்ந்த எங்கள் மாணவிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. டெல்லிச் சம்பவத்துக்குப் பிறகு 2014இல் வந்த 'பிரியாவின் சக்தி'யில் வன்முறைக்கு ஆளான பெண் பார்வதியின் துணையோடு புலிமேல் ஏறி வருகிறாள். அவளை விரட்டியது அவள் ஊரே என்று துணிந்து காட்டியது அதன் பலம். தெய்வம் இறங்கி வந்தால்தான் அவள் பேச்சு எடுபடும் என்பது அதன் பலவீனம். மர்ஜானே சத்ரபி தன் ஈரானியச் சிறுவயதை வெறும் கறுப்பு வெள்ளையில் வரைந்தார், யாரும் பறக்கவில்லை. தலையில் முக்காடு ஏறிய நாளை ஒரு சிறுமி எப்படிப் பார்த்தாள் என்பதே போதுமான சாகசம். அம்பேத்கர் வாழ்வைச் சொல்லும் 'பீமாயண'த்தில் துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் கட்டங்களையே மறுத்துவிட்டார்கள். சாதி பேசும் நாக்குக்குத் தேள் கொடுக்கு வடிவத்தில் பலூன், நொந்தவர் பேச்சுக்குப் பறவை வடிவம்.

இவ்வளவு பேசுகிற நான் வகுப்பறையில் செய்ததைச் சொல்ல வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் சிற்றிலக்கியத் தாளுக்கு ஒப்படைப்பு கேட்டேன். திருக்குற்றாலக் குறவஞ்சி எங்கள் மண்ணின் நூல். அதில் வசந்தவல்லி காதலித்துக் காத்திருப்பாள். சிங்கியோ மலை மலையாகப் போய்க் குறி சொல்லிச் சம்பாதிப்பாள். அவளைத் தேடி அலைந்து கண்டுபிடிக்கிற சிங்கன், காலில் கிடப்பது என்ன, விரலில் கிடப்பது என்ன என்று ஒவ்வொரு நகையாகச் சந்தேகத்தோடு கேட்பான். குறி சொல்லிப் பெற்ற பரிசு என்று அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்வாள்.

ஒரு மாணவி இதைப் பன்னிரண்டு பக்கம் காமிக்ஸாக வரைந்து கொண்டுவந்தாள். அதில் சிங்கி மடியில் பீடித் தட்டோடு இருந்தாள். அவளுடைய அம்மாவின் முகம் என்று பிறகு தெரிந்தது. கம்மல் எங்கேயிருந்து வந்தது என்று சிங்கன் கேட்கும் கட்டத்தில் அவள் பதில் சொல்லவில்லை. அடுத்த கட்டம் முழுக்க இலை வெட்டும் கத்தரிக்கோல். அதற்கடுத்தது நூல் சுற்றும் விரல்கள். அதற்கடுத்தது கடையில் கழித்துப் போட்ட பீடிகள்.

"இதுல ஆய்வு எங்கம்மா இருக்கு? கட்டுரையா எழுதிக் கொண்டா" என்றேன்.

முகம் சுருங்கினாலும் எதிர்த்துப் பேசவில்லை. அடுத்த வாரம் எட்டுப் பக்கக் கட்டுரை வந்தது. எல்லாரும் எழுதுகிற வரிகள். நல்ல மதிப்பெண் போட்டேன்.

மாடஸ்டியை மறுபடி படித்த இரவில் அந்தக் கத்தரிக்கோல் கட்டம் நினைவுக்கு வந்தது. வகையின் பெயரைச் சொல்லி ஒரு பெண்ணின் கையைத் தட்டிவிட்டிருக்கிறேன். என் காலத்தில் அதைச் செய்ய ஆச்சி நடையில் உட்கார்ந்திருந்தாள். இவளுக்கு நான் உட்கார்ந்திருக்கிறேன்.

மறுநாள் அவளைக் கூப்பிட்டு நோட்டைக் கேட்டேன்.

"அம்மா வச்சிருக்காங்க மேடம். அவங்களுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. படத்தப் பாத்தே முழுசும் சொல்லிட்டாங்க. கழிச்சுப் போட்ட பீடி கம்மியா இருக்கு, இன்னும் நெறைய வரையின்னாங்க."

முனைவர் பட்டம் வாங்கிய எனக்குத் தெரியாத திருத்தம் அது. நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் சங்கடப்பட்டு, "இருக்கட்டும் மேடம்" என்றாள். இருக்கட்டும் என்று விட முடியவில்லை. இப்போது என் தாளில் ஒப்படைப்பைப் படக்கதையாகவும் தரலாம். முதல் வருடம் மூன்று பேர் தந்தார்கள். துறையில் சிலர் சிரித்தார்கள்.

குற்றாலத்துச் சித்திர சபைக்கு மாணவிகளை அழைத்துப் போகும்போது இதையும் சொல்கிறேன். மற்ற சபைகளில் நடராசர் சிலையாக ஆடுகிறார். இங்கே சுவரில் ஓவியமாக ஆடுகிறார். படத்தைத் தாழ்வாக நினைத்த ஊர் இல்லை இது.

முப்பது வருடம் தாமதமாக ஒரு கடிதமும் எழுதி வைத்திருக்கிறேன். மாடஸ்டி கதைகளை இன்னும் போடுங்கள், கூடவே இங்குள்ள பெண்கள் எழுதி வரைந்த கதைகளையும் போடுங்கள். கீழே என் பெயர்தான் இருக்கிறது.