கைநாட்டு

அப்பாவுக்குப் பக்கவாதம் கண்ட பதினோராம் நாள், மருத்துவமனையின் மறுவாழ்வுப் பிரிவில் ஒரு படிவத்தை நீட்டினார்கள். அதில் 'நோயாளியின் இலக்கு' என்றொரு கட்டம் இருந்தது. பிள்ளைகள் மூவரும் கூடிப் பேசி, 'துணையின்றி நடக்க வேண்டும்' என்று நிரப்பிக் கொடுத்தோம். அருகில்தான் அப்பா படுத்திருந்தார். அவருக்கு வாய் குழறியதே தவிர, அறிவு தெளிவாகவே இருந்தது. இருந்தும் அவரைக் கேட்க வேண்டுமென்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பயிற்சிக்கு அவர் ஒத்துழைக்கவில்லை. பிடிவாதம் என்றோம், மனச்சோர்வு என்றோம். வாரந்தோறும் பார்தெல் அளவுகோலால் மதிப்பிட்டார்கள். 1965-இல் வெளியான அது, உண்பது, உடுத்துவது, படியேறுவது எனப் பத்துச் செயல்களுக்கு நூறு மதிப்பெண் வகுத்திருக்கிறது. பயனுள்ளதுதான். ஆனால் ஒரு மனிதர் எதற்காக எழுந்து நடக்க விரும்புகிறார் என்று அது கேட்பதில்லை.

கேட்டவர், புதிதாக வந்த ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். எங்களை வெளியே அனுப்பிவிட்டு அப்பாவின் எதிரே அமர்ந்தார். செய்ய விரும்பியும் இயலாமற்போன காரியங்களை நோயாளியே சொல்லி, ஒவ்வொன்றும் தமக்கு எவ்வளவு முக்கியம் என்று ஒன்று முதல் பத்து வரை எண்ணிடும் முறையொன்று கனடாவில் உருவாக்கப்பட்டது. அதைத்தான் அவர் கையாண்டார். முக்கால் மணி நேரம் ஆயிற்று.

நடைக்கு அப்பா கொடுத்திருந்தது ஆறு. பத்து கொடுத்திருந்தது கையெழுத்துக்கு.

திகைத்துப்போனோம். ஓய்வூதியத் தாளில் அவருடைய பெருவிரலை மையில் ஒற்றி நாங்கள் பதித்த நாளிலிருந்துதான் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார் என்பது அப்போதுதான் உறைத்தது. 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, பள்ளி முடிந்த மாலைகளில் ஊர் ஊராகச் சென்று பெண்களுக்குப் பெயரெழுதக் கற்பித்த ஆசிரியர் அவர். 'கைநாட்டு' என்ற சொல்லின் கனம் அவர் அறிந்த அளவு நாங்கள் அறிந்ததில்லை.

பிறகு இலக்கைச் சிறு படிகளாகப் பிரித்தார்கள்: துணி சுற்றித் தடிப்பாக்கிய பேனாவைப் பிடிப்பது, கோடு இழுப்பது, முதலெழுத்து. எழுதும் மேசை கூடத்தின் மறுகோடியில் இருந்ததால், அதுவரை நடக்கவும் செய்தார்.

ஆறாம் வாரம் வந்த கையெழுத்து, வங்கியிலிருந்த பழைய மாதிரியோடு ஒத்துப்போகவில்லை. புதிய மாதிரி வாங்கிக்கொண்டார்கள்.

முதற்படிவம் இன்னும் கோப்பில் இருக்கிறது. 'நோயாளியின் இலக்கு' என்ற கட்டத்தில் இருப்பது எங்கள் கையெழுத்து.