உடுமலையில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி: தறி ஓட்டியவர் கையால் செய்த சங்கீதம்!

பல்லடத்தில் உடுமலைப்பேட்டை பஸ் ஏறினால் ஜன்னலோர சீட்டைப் பிடித்துவிடுங்கள். குடிமங்கலம் நெருங்க நெருங்க இரண்டு பக்கமும் காற்றாலைகள், தென்னந்தோப்புகள், தெற்கே நீலக்கோடாக மேற்குத் தொடர்ச்சி மலை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று, ஆடி மாதத்தில் ஆளையே தள்ளும். திருமூர்த்தி மலைக்கும் அமராவதி அணைக்கும் போகிறவர்கள் இந்த ஊரைக் கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். இந்தப் பயணம் காதுக்கானது.

பழைய சினிமா ரசிகர்களுக்கு உடுமலை என்றதும் நாராயணகவி நினைவுக்கு வருவார். 1899-ல் பூளவாடியில் பிறந்து, நாடகத்திலிருந்து சினிமாவுக்குப் போனவர். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனின் பாட்டுகள் பலவற்றை எழுதியவர். 1952-ல் வந்த 'பராசக்தி'யில் சி.எஸ்.ஜெயராமன் குரலில் ஒலிக்கும் காக்கைப் பாட்டும் இவருடையதுதான். 1981-ல் மறைந்த அவருக்கு ஊரில் மணிமண்டபம் இருக்கிறது. அவர் பாட்டில் ஒரு சொல் நழுவினாலும் கிண்டல் புரியாமல் போய்விடும்.

அந்தச் சொற்கள் சரியாகக் காதில் விழவேண்டும் என்பதற்காகவே ஸ்பீக்கர் செய்தவரைத்தான் பார்க்கப் போனேன். உடுமலைக்குப் பக்கத்துக் கிராமம். முப்பது வருஷம் விசைத்தறி ஓட்டியவர். "பேரெல்லாம் போட வேண்டாம் அம்மணி. பெட்டியைப் பத்தி எழுதுங்க, போதும்" என்றார்.

பாட்டு கேக்குது... வார்த்தை கேக்கல!

"தறி குடோனுக்குள்ள பேச்சே கிடையாதுங்க. கையும் உதடுந்தான் பேசும்" என்று சிரிக்கிறார். நாடா அடிக்கும் தறிகள் வரிசையாக ஓடும்போது சத்தம் 90 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும். நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகளில் 8 மணி நேர வேலைக்கு அதுதான் உச்ச வரம்பு. இப்படிப்பட்ட சத்தத்தில் வருஷக்கணக்கில் நின்றால் முதலில் அடிவாங்குவது 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்துக் கேட்கும் திறன். 'ச', 'த', 'ப' போன்ற எழுத்துகளைப் பிரித்துக் காட்டுகிற நுண்ணிய ஒலிகள் மேல் அதிர்வெண்களில்தான் இருக்கின்றன. அதனால் ஆள் பேசுவது கேட்கும். என்ன பேசினார் என்பது புரியாது. உள்காதில் செத்துப்போன மெல்லிய செல்கள் திரும்ப முளைப்பதில்லை.

வேலையை விட்டதும் பெரிய ஹோம் தியேட்டர் ஒன்று வாங்கினாராம். "டம் டம்னு நெஞ்சு அதிருது. வார்த்தை மட்டும் வரவே இல்லீங்க." காரணம் இருக்கிறது. கனத்த பாஸ் ஒலி, அதைவிட மேலே இருக்கிற மெல்லிய ஒலிகளை மூடி மறைக்கும். சவுண்டைக் கூட்டக் கூட்ட மறைப்பும் கூடும்.

அப்போதுதான் மகள் போனில் 'ஸ்பீக்கர் கிட்' ஒன்றைக் காட்டியிருக்கிறார்.

பானையில் தொடங்கிய பாடம்

கிட் என்பது பாகங்களின் பொட்டலம். ஒரு வூஃபர், ஒரு ட்வீட்டர், ஒலியை இரண்டுக்கும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர், வயர், டெர்மினல், பெட்டிக்கான அளவு வரைபடம். ஆன்லைனில் வாங்கலாம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் தனித்தனிப் பாகமாகவும் தேடிப் பிடிக்கலாம். பெட்டியை நாம்தான் செய்யவேண்டும்.

பெட்டி எதற்கு? வூஃபரின் காகிதக் கூம்பு முன்னால் தள்ளும் ஒலிக்கு நேரெதிரான ஒலி பின்னாலும் கிளம்புகிறது. இரண்டும் கலந்தால் பாஸ் காணாமல் போகும். பின்னால் வருவதை அடைத்து வைக்கத்தான் பெட்டி. 80, 90-களில் மண்பானை வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்து வைத்துக் கேட்டார்களே, அதுவும் இதே தத்துவம்தான். இவரும் அப்படித்தான் தொடங்கியிருக்கிறார். "பானை நல்லாத்தான் பாடுச்சுங்க. ஆனா குரலு கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருந்துச்சு."

எந்த வூஃபருக்கு எத்தனை லிட்டர் பெட்டி என்பதற்குக் கணக்கு உண்டு. ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் 1961-ல் தொடங்கிவைக்க, ரிச்சர்ட் ஸ்மால் 1970-களில் விரிவாக்கினார். இன்று வூஃபரோடு வரும் அளவுத்தாளில் இருக்கும் எண்கள் இவர்கள் பெயரில்தான் இருக்கின்றன. இவருடைய பெட்டி உள்ளளவில் 20 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம், 25 செ.மீ. ஆழம். அதாவது 15 லிட்டர்.

18 மி.மீ. எம்.டி.எஃப் பலகையை மரக்கடையிலேயே மெஷினில் அறுத்து வாங்கியிருக்கிறார். "கோணல் இருந்தா காத்து ஒழுகும். காத்து ஒழுகுனா சத்தம் கெட்டுப்போகும்." மூலைகளில் பசை, உள்ளே சிலிகான், பின்பக்கம் குறுக்குச் சட்டம். உள்ளே எதிரொலிக்காமல் இருக்க முதலில் இலவம்பஞ்சு அடைத்தாராம். அது நாளடைவில் அடியில் படிந்துவிட, இப்போது தலையணைக்கு அடைக்கும் பாலியெஸ்டர் பஞ்சு.

பிளஸ், மைனஸ் மாறினால் இரண்டு ஸ்பீக்கரும் ஒன்றையொன்று வெட்டும். அதைச் சோதிக்க 1.5 வோல்ட் பேட்டரி போதும். பெட்டியில் மாட்டுவதற்கு முன் வூஃபரில் பிளஸுக்கு பிளஸ் ஒரு நொடி தொட்டால் கூம்பு முன்னால் வரவேண்டும்.

திருப்பூர் கைவண்ணம்

ஃபினிஷிங்தான் பொறுமையைச் சோதிக்கும் வேலை. எம்.டி.எஃப் ஓரங்கள் பெயின்ட்டைக் குடித்துக்கொண்டே இருக்கும். பட்டி பூசி, உப்புத்தாள் போட்டு, சீலர் அடித்து, மறுபடி உப்புத்தாள். அதற்குமேல்தான் பெயின்ட். பொறுமை இல்லாதவர்கள் மைக்கா ஒட்டிவிடலாம்.

முன்பக்கத் துணிக்கு இந்த வட்டாரத்தில் பஞ்சமா? திருப்பூர் காதர்பேட்டையில் வாங்கிய கறுப்பு பனியன் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டியிருக்கிறார். எந்தத் துணி சரி? வாயருகே பிடித்து ஊத வேண்டும். மூச்சு தடையில்லாமல் போனால் எடுத்துக்கொள்ளலாம். நெருக்கமாகப் பின்னிய துணி ட்வீட்டரின் மெல்லிய ஒலியைத் தின்றுவிடும். "துணியைத் தொட்டாலே தெரியும்ங்க. முப்பது வருஷம் அதுதானே வேலை."

பேத்தியின் காது

எல்லாம் முடிந்த பிறகு ஒரு சிக்கல். ட்வீட்டர் எத்தனை சத்தமாக இருக்கவேண்டும் என்பதை ஒரு சின்ன ரெசிஸ்டர்தான் தீர்மானிக்கும். அதைக் காதால் கேட்டுத்தான் முடிவு செய்யவேண்டும். அவருக்கோ அந்த ஒலிகள்தான் கேட்காது. தனக்குக் கேட்கிற அளவுக்கு வைத்தார். எட்டாவது படிக்கும் பேத்தி ஓடிவந்து, "அப்பிச்சி, 'ஸ' வர்றப்பல்லாம் காதைக் குத்துதுங்க" என்றாளாம்.

அன்று முதல் கடைசித் தீர்ப்பு அவளுடையது. அவர் ரெசிஸ்டரை மாற்றி மாற்றிப் பற்றவைக்க, அவள் கண்ணை மூடிக் கேட்டு, கையால் 'ஏத்து', 'இறக்கு' என்று ஜாடை காட்டியிருக்கிறாள். தறி குடோன் பாஷை! நாலாவது ரெசிஸ்டரில் இருவருக்கும் ஒத்துப்போனது. "எனக்கு முழுசாக் கேக்குதான்னா, இல்லீங்க. முன்னைக்குப் பாதி வார்த்தை கூடுதலாப் புரியுது. மீதியை அம்மிணிக்குட்டி சொல்லும்."

ஸ்பீக்கர் காதுக்கு மருந்து ஆகாது. அவரும் காது டாக்டரைப் பார்த்துவிட்டார். கருவி பொருத்தச் சொல்லியிருக்கிறார்கள். தறியிலும் மில்லிலும் வேலை செய்கிறவர்கள் காதடைப்பான் போட்டுக்கொள்வதும், வருஷத்துக்கு ஒருமுறை காதைச் சோதித்துக்கொள்வதும் கட்டாயம். ஹெட்போன் மாட்டித் திரிகிற நமக்கும் வரம்பு உண்டு. 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

செய்துபார்க்க ஆசையா? முதல் முயற்சிக்கு இரண்டு வழி கிட் போதும். ஆம்ப்ளிஃபயரை ரெடிமேடாக வாங்குங்கள். வீட்டு மின்சாரத்தில் பரிசோதனை வேண்டாம். 4 ஓம், 8 ஓம் பொருத்தம் பார்த்து வாங்குங்கள். செய்து முடித்ததும் காக்கைப் பாட்டைக் குறைந்த சத்தத்தில் போடுங்கள். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்டால் பெட்டி தேறிவிட்டது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்து, "புரியுதா?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்கிற பதிலுக்கு ஏற்ப ரெசிஸ்டரை மாற்றுங்கள்.