சரக்குவக் கரையின் கறுப்புக் கற்கள்

கொழும்பிலிருந்து வத்தளை, உஸ்வெட்டகெய்யாவ வழியாக வடக்கே போனால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஹமில்டன் கால்வாய். இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய மணல் திட்டில் இருக்கிறது சரக்குவ. பஸ்ஸை விட்டு இறங்கி ஒழுங்கைக்குள் திரும்பியதுமே கருவாட்டு வாடை வந்துவிட்டது. 2021 மே 20ஆம் திகதி ‘எக்ஸ்-பிரஸ் பேர்ள்’ கொள்கலன் கப்பல் தீப்பற்றியது இந்தப் பக்கத்துக் கடலில்தான். நான்கு ஆண்டுக்கு மேலாகிவிட்டது. கரை பார்வைக்குச் சுத்தமாகவே கிடந்தது.

“என்ன தேடுறீங்க தம்பி?” என்று கேட்டார் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர்.

“அந்தக் கப்பல் மணி ஏதும் இன்னும் கிடக்குதா ஐயா?”

அவர் எழுந்து வந்து, அடம்பன் கொடி ஒன்றை வேரோடு இழுத்தார். வேரிலிருந்து உதிர்ந்த மணலுக்குள் பயறளவு வெள்ளை மணிகள் ஏழெட்டு. பிளாஸ்டிக் சாமான் செய்ய உருக்கும் மூலப்பொருள் இது. அந்தக் கப்பலில் ஏறக்குறைய 1,680 டன் இருந்தது. ஒரு மணி 25 மில்லிகிராம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் 6,700 கோடி மணி வருகிறது.

“வெள்ளையைப் பொறுக்கிடலாம். கறுப்பைத்தான் கண்டுபிடிக்கேலாது. கல்லு மாதிரியே இருக்கும்” என்றார்.

அந்தக் கறுப்பைப் பார்க்கத்தான் நான் வந்தேன். அலை ஒதுக்கிய சிப்பி, சுள்ளி, கூழாங்கல் வரிசையில் குந்தி அரை மணி நேரம் கிளறினேன். கையுறை போட்ட விரலில் கடைசியாக அகப்பட்டது, புளியங்கொட்டை அளவில் ஒரு சாம்பல் நிறத் துண்டு. கல்லென்றே தூக்கினேன், கையில் பாரமே இல்லை. ஒரு ஓரம் உருகி வழிந்து இறுகியிருந்தது, மறு ஓரம் கரி. இரு விரலால் அழுத்தியதும் ரஸ்க் போல நொறுங்கி, கையுறையில் புகைக்கரித் தீற்றலை விட்டது. வெள்ளை மணியை அதே விரலால் என்ன நசுக்கியும் ஒன்றும் ஆகவில்லை.

கவலையே இந்த நொறுங்கலில்தான் இருக்கிறது. நெருப்பில் வெந்த பிளாஸ்டிக் சுலபமாகத் தூளாகிறது. தூளானதை எந்தச் சல்லடையாலும் அரித்தெடுக்க முடியாது. வெள்ளை மணி எல்லாம் ஒரே அளவு. எரிந்தவையோ பொடியிலிருந்து கட்டி வரை எல்லா அளவிலும் கிடக்கின்றன. சின்ன மீனுக்கும் வாய்க்கு அளவாக இருக்கும், ஆமைக்கும் இருக்கும். இலங்கைக் கடல் உயிரியலாளர் ஆஷா டி வொஸ் அமெரிக்காவின் உட்ஸ் ஹோல் கடலியல் நிறுவன ஆய்வாளர்களோடு சேர்ந்து இந்தக் கரைகளில் எடுத்த மாதிரிகளைச் சோதித்தபோது, எரியாத மணியைவிட எரிந்த துண்டில் இரசாயனக் கலவை மூன்று மடங்கு சிக்கலாக இருந்தது. எரியும்போது உண்டாகும் பல்வளைய ஐதரோகாபன்களும் அதில் இருந்தன. அவற்றில் சில புற்றுநோயை உண்டாக்குபவை. ஆகவே “பிளாஸ்டிக் சிந்தியது” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது பாதிக் கதைதான். நெருப்பு அதை வேறொரு நஞ்சாக்கிவிட்டது.

தடுத்திருக்கக்கூடிய நெருப்பு என்பதுதான் ஆறவில்லை. கப்பலில் 1,486 கொள்கலன்கள், 25 டன் நைத்திரிக் அமிலம். நெருப்புக்குக் காரணமாகச் சொல்லப்படும் அந்த அமிலம் ஒரு கொள்கலனிலிருந்து ஒழுகுவது கப்பலில் இருந்தவர்களுக்கு முன்பே தெரியும். கட்டாரின் ஹமாத்திலும் இந்தியாவின் ஹசீராவிலும் அந்தக் கொள்கலனை இறக்க இடம் கிடைக்கவில்லை. 2025 ஜூலையில் இலங்கை உயர் நீதிமன்றம் 100 கோடி டொலர் நட்டஈடு கட்ட உத்தரவிட்டது. அதற்கு மேல் இந்த நாட்டில் வேறு நீதிமன்றம் இல்லை. கப்பல் நிறுவனமோ கட்ட மறுத்துவிட்டது. அதே 2025 மே மாதம் கேரளக் கடலில் மூழ்கிய ‘எம்எஸ்சி எல்சா 3’ கப்பலின் மணிகள் கன்னியாகுமரிக்கும் தனுஷ்கோடிக்கும் வந்து ஒதுங்கின. கடல்வழிச் சரக்கு விதிகளில் இந்த மணி இன்னும் அபாயச் சரக்காகச் சேர்க்கப்படவில்லை. சேர்த்தே ஆகவேண்டும்.

திரும்பும் வழியில் தென்னையடியில் ஒரு சாம்பல் மேடு. கிழிந்த வலை, போத்தல், பொலித்தீன் எல்லாவற்றையும் கூட்டி யாரோ கொளுத்தியிருந்தார்கள். ஓரத்தில் உருகி இறுகிய கறுப்புக் கட்டி ஒன்றை எடுத்து, என் பையிலிருந்த துண்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எது கப்பலில் எரிந்தது, எது நேற்றுக் கரையில் எரிந்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

கடற்கரையில் பாரமில்லாத சாம்பல் நிறக் கல் கண்டால் பிள்ளைகளை வெறுங்கையால் தொட விடாதீர்கள். கூட்டிய பிளாஸ்டிக்கை மூட்டையாகக் கட்டி ஒப்படையுங்கள். தயவுசெய்து கொளுத்தாதீர்கள்.