திரும்பி வருவோம் என்று எழுதிவிட்டுப் போன ஊர்

இங்கிலாந்து என்றதும் எம்மில் பெரும்பாலானோருக்கு நினைவுக்கு வருவது இலண்டன் மாநகரமே. உறவினர்கள் அனுப்பும் படங்களிலும் பெரிய மணிக்கூட்டுக் கோபுரமும் இரண்டு தட்டு பஸ்ஸும்தான் இருக்கும். அந்த நாட்டின் தென்கரையில் டோர்செற் என்றொரு பகுதி உண்டு. 'கவுண்டி' என்று அவர்கள் சொல்வது ஏறக்குறைய எமது மாவட்டம் போன்ற ஒரு பிரிவு. புல்மேடுகளும், ஆட்டு மந்தைகளும், கடலோரத்தில் சுவர் போலச் செங்குத்தாக நிற்கும் வெள்ளைப் பாறைகளும் கொண்ட நாட்டுப்புறம் அது. எமது குடாநாட்டைப் போலவே அங்கும் பல இடங்களில் மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல்தான். 2023 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், அங்குள்ள பூல் என்ற துறைமுக நகரில் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்யும் எனது அக்காவின் வீட்டில் மூன்று கிழமைகள் தங்கியிருந்தேன். அப்போது பார்த்தவற்றில் சிலவற்றை இங்கு எழுத விரும்புகின்றேன். எங்களுக்கும் அந்த மண்ணுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு இல்லைத்தான். ஆனாலும் அங்கு நான் கண்ட பல விடயங்கள் எனக்குப் புதியனவாக இருக்கவில்லை.

முதலில் அக்கா என்னை லைம் றீஜிஸ் என்ற கடற்கரை ஊருக்குக் கூட்டிச் சென்றார். அந்தக் கரையின் பாறைகளில் பல கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த உயிரினங்களின் எலும்புகளும் சிப்பிகளும் கல்லாகிக் கிடக்கின்றன. அதனாலேயே டோர்செற்றிலும் அடுத்துள்ள கிழக்கு டெவனிலுமாக ஏறக்குறைய 155 கிலோமீற்றர் நீளமான அக்கரையை யுனெஸ்கோ 2001 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அந்தக் கற்களைத் தேடி எடுத்து உலகத்துக்குக் காட்டியவர்களில் முதன்மையானவர் மேரி அனிங் என்ற ஏழைப் பெண். 1799 இல் பிறந்தவர். தச்சுத் தொழிலாளியான தகப்பன் 1810 இல் கடனை வைத்துவிட்டு இறந்துபோக, மேரியும் தமையனும் கரையில் பொறுக்கிய கற்சிப்பிகளை உல்லாசப் பயணிகளுக்கு விற்றுக் குடும்பத்தைப் பார்த்தார்கள். 1811 இல் தமையன் ஒரு பெரிய கடற்பிராணியின் மண்டையோட்டைக் கண்டெடுத்தார். மிகுதி உடலைக் கண்டுபிடித்தபோது மேரிக்கு 12 வயது. பின்னர் அவர் எடுத்துக் கொடுத்த எலும்புகளை வைத்துப் படித்த ஆண்கள் கட்டுரை எழுதிப் பெயர் வாங்கினார்கள். இலண்டனில் இருந்த புவியியல் சங்கம் பெண்களை அங்கத்தவராக ஏற்றது 1919 இல்தான். மேரி 1847 இலேயே மார்புப் புற்றுநோயால் இறந்துவிட்டார். அவருக்கு அந்த ஊரில் ஒரு சிலை 2022 இல்தான் வைக்கப்பட்டது. அதற்காக முதலில் குரல் கொடுத்ததும் ஒரு பள்ளிக்கூடச் சிறுமியே.

டோர்செற்றின் இன்னொரு பழைய தொழில் பொத்தான் செய்வது. பதினேழாம் நூற்றாண்டில் தொடங்கிய இத்தொழிலைக் கிராமத்துப் பெண்களும் பிள்ளைகளும் வீட்டிலிருந்தே செய்தார்கள். ஆட்டுக்கொம்பில் வெட்டிய வில்லையின் மேல் லினன் துணியைச் சுற்றி, ஊசியும் நூலும் கொண்டு தைத்து ஒவ்வொன்றாக உருவாக்குவார்கள். பின்னர் கம்பி வளையங்களின் மேலும் நூலைப் பின்னிச் செய்தார்கள். வயல் வேலையிலும் பார்க்க இதில் கூலி கூட. அத்தோடு கை அழுக்காகாத வேலை. ஏறக்குறைய இருநூறு வருடங்கள் இது நின்று பிடித்தது. 1851 இல் இலண்டனில் நடந்த பெருங்கண்காட்சியில் பொத்தான் செய்யும் இயந்திரம் காட்டப்பட்டது. அதன்பின் சில வருடங்களில் தொழில் படுத்துவிட்டது. பிழைக்க வழியில்லாத பல குடும்பங்கள் அவுஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் கப்பலேறின. இன்று அந்தப் பொத்தான் அங்கே கைப்பணிக் கடைகளில் நல்ல விலை போகின்றது. கண்ணாடிப் பெட்டிக்குள் அதைப் பார்த்தபோது, பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்கு நாங்கள் கொண்டுபோய்க் கொடுக்கும் சுயதொழில் திட்டங்களை நினைத்துக்கொண்டேன். ஒரே பொருளை, ஒரே வியாபாரிக்கு, ஒரு கிராமம் முழுவதும் செய்து கொடுப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதை எங்கள் கூட்டங்களில் யாரும் பேசுவதில்லை.

இவற்றைப் பார்த்த பிறகு, டைனம் என்ற கிராமத்துக்குப் போகவேண்டும் என்று அக்காவிடம் கேட்டேன். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில், இடப்பெயர்வு பற்றிய விரிவுரையொன்றில் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருந்தேன்.

"இஞ்ச வந்தும் உனக்கு இடிஞ்ச வீடுதானோ பார்க்க வேணும்?" என்று அக்கா கேட்டார். ஆனாலும் அடுத்த லீவு நாளில் காரை எடுத்தார்.

போகும் வழியில் கோர்ஃப் கோட்டை. மேட்டின் உச்சியில் உடைந்த பல்வரிசை போல நிற்கின்றது. இங்கிலாந்தில் 1642 முதல் மன்னர் பக்கத்துக்கும் பாராளுமன்றப் பக்கத்துக்கும் இடையில் உள்நாட்டுப் போர் நடந்தது. 1643 இல் பாராளுமன்றப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது வீட்டுக்காரர் மன்னரோடு வெளியூரில் இருந்தார். அவரது மனைவி மேரி பாங்ஸ் மகள்மாரையும் வேலைக்காரப் பெண்களையும் ஒரு சிறு காவற்படையையும் வைத்துக்கொண்டு, ஏணியில் ஏறியவர்கள் மேல் கல்லையும் நெருப்புத் தணலையும் கொட்டிக் கோட்டையைக் காத்தார். அடுத்த வருடம் கணவர் இறந்தார். மீண்டும் முற்றுகை வந்தது. 1646 இல், உள்ளே இருந்த அதிகாரி ஒருவர் காட்டிக் கொடுத்ததால் கோட்டை விழுந்தது. இனி எவரும் பயன்படுத்தக் கூடாதென்று பாராளுமன்றம் அதை வெடிமருந்து வைத்துத் தகர்த்தது. அந்த விதவையின் துணிவை மதித்துக் கோட்டையின் திறப்புகளை அவரிடமே கொடுத்துவிட்டார்கள் என்று சொல்கிறார்கள். அந்தத் திறப்புகள் இன்றும் இருக்கின்றன. அவரது மகன் பின்னர் கட்டிய கிங்ஸ்ரன் லேசி என்ற மாளிகையில் தொங்குகின்றன.

மேரி பாங்ஸ் பெரிய இடத்துப் பெண். கோட்டை போனாலும் மாளிகை கட்ட வசதி இருந்தது. அந்தப் போரில் வீடிழந்த குடியானவப் பெண்களின் திறப்புகளை யாரும் எடுத்து வைக்கவில்லை. ஆனாலும் அந்தத் திறப்புகளின் கதையைக் கேட்டபோது எங்கள் இருவருக்கும் ஒரே நினைவுதான் வந்தது. 1990 ஆம் ஆண்டு ஆனி மாதம் மயிலிட்டியிலிருந்து வெளிக்கிடும்போது அம்மா வீட்டைப் பூட்டித் திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்தார். இரண்டு நாளில் திரும்பிவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். எனக்கு அப்போது இரண்டு வயது. 28 வருடங்களின் பின் எங்கள் காணி விடப்பட்டபோது அம்மா அந்தத் திறப்பையும் கொண்டுதான் போனார். வீடு இருந்த இடத்தில் வீடு இல்லை. அத்திவாரமும் இல்லை. கிணறு தூர்ந்துபோயிருந்தது. எல்லைக் கல்லை வைத்தே எங்கள் வளவு எதுவென்று கண்டுபிடித்தோம்.

டைனம் கோர்ஃபிலிருந்து தூரமில்லை. குன்றிலிருந்து ஒரு ஒடுங்கிய வீதி பள்ளத்தாக்குக்குள் இறங்குகின்றது. கீழே வேர்பறோ குடா. வீதியோரம் நெடுகிலும் எச்சரிக்கைப் பலகைகள். வெடிக்காத குண்டுகள் கிடக்கலாம், மஞ்சள் கட்டைகளுக்கு இடையிலான பாதையை விட்டு இறங்கவேண்டாம், எதையும் கையால் தொடவேண்டாம் என்று எழுதியிருக்கின்றார்கள். அங்கு வந்திருந்த வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு அது விளையாட்டாக இருந்தது. அக்காவும் நானும் ஒன்றும் பேசாமல் பாதையின் நடுவில் நடந்தோம்.

1943 ஆம் ஆண்டு இரண்டாம் உலகப் போரின்போது, பிரான்ஸில் தரையிறங்குவதற்கான ஆயத்தம் நடந்துகொண்டிருந்தது. பக்கத்திலுள்ள லல்வேர்த்தில் ஏற்கனவே தாங்கிகளுக்கான சுடுபயிற்சி நிலம் இருந்தது. அது போதாதென்று, டைனம் கிராமத்தையும் சுற்றவுள்ள நிலத்தையும் சேர்த்து ஏறக்குறைய 7,500 ஏக்கரை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. கார்த்திகையில் அறிவித்தல் வந்தது. நத்தாருக்கு ஒரு கிழமை இருக்கும்போது எல்லோரும் வெளியேறிவிட வேண்டும். ஏறக்குறைய ஒரு மாத அவகாசம். வெளியேறியவர்கள் 225 பேர். மீன்பிடிப்பவர்கள், ஆடு மேய்ப்பவர்கள், பெரிய வீட்டில் உடுப்புத் தோய்க்கும் பெண்கள். நிலமும் வீடுகளும் 1683 முதல் பொண்ட் குடும்பத்துக்குச் சொந்தம். மற்றவர்கள் பெரும்பாலும் வாடகைக் குடிகள். ஆகவே அவர்களுக்குக் கிடைத்த நட்டஈடு தோட்டத்தில் நின்ற மரக்கறியின் பெறுமதி மட்டுமே. காணி உறுதி இல்லாத பெண்கள் அலுவலகங்களில் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்பதை அறிந்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

போகும்போது தேவாலயக் கதவில் ஒரு கடிதம் குத்திவிட்டுப் போனார்கள். கோயிலையும் வீடுகளையும் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், தலைமுறையாக இருந்த வீடுகளைப் போருக்கு உதவியாக விட்டுப் போகின்றோம், ஒருநாள் திரும்பி வருவோம், ஊரை அன்பாக வைத்திருந்ததற்கு நன்றி என்ற கருத்தில் எழுதப்பட்டிருந்தது. நன்றியை முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்.

போர் 1945 இல் முடிந்தது. ஊர் விடப்படவில்லை. 1948 இல் அரசாங்கம் அந்த நிலத்தைக் கட்டாயக் கொள்வனவு செய்து நிரந்தரமாக்கிக்கொண்டது. தங்கள் நாட்டு அரசாங்கம், வென்ற போர், எதிரி என்று யாருமில்லாத ஊர். அப்படியிருந்தும் இதுதான் நடந்தது. 1968 இல் ஊரை மீட்பதற்கென்று ஒரு குழு அமைந்து கிளர்ச்சி செய்தது. 1973 இல் நூஜென்ட் என்பவரின் தலைமையிலான அரசாங்கக் குழுவே லல்வேர்த் சுடுபயிற்சி நிலத்தைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று சிபாரிசு செய்தது. அடுத்த வருடம் அரசாங்கம் அதை ஏற்க மறுத்தது. 1975 முதல் பொதுமக்கள் வந்து பார்க்கலாம் என்ற அனுமதி மட்டும் கிடைத்தது. பெரும்பாலான வார இறுதிகளிலும் சில விடுமுறைக் காலங்களிலும் வாயிற் கதவு திறக்கப்படும். மற்ற நாட்களில் வெடிச் சத்தம்தான். கேப்பாப்பிலவில் 2017 இல் வீதியோரத்தில் கொட்டில் போட்டு இருந்த பெண்களை அப்போது நினைத்தேன்.

நீண்டகாலம் உழவும் பூச்சிமருந்தும் வீடு கட்டலும் இல்லாததால் அங்கே அரிய பூக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் பெருகியிருக்கின்றன என்று பெருமையாகச் சொல்கிறார்கள். உண்மையாகவே அழகான இடம். ஆனால் மனிதரை எழுப்பிவிட்டு வண்ணத்துப்பூச்சியைக் காட்டி நியாயம் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. வெளியேறியவர்கள் எல்லோரும் அழுதுகொண்டே இருந்தார்கள் என்றும் இல்லை. டைனத்தில் மின்சாரம் இருக்கவில்லை. புதிய இடத்தில் விளக்கும் குழாய்த் தண்ணீரும் கிடைத்தபோது சில இளம் பெண்களுக்கு அது ஆறுதலாகவும் இருந்திருக்கும். எங்கள் நலன்புரி நிலையங்களிலும் வளர்ந்த பிள்ளைகள் பழைய ஊரைக் கேட்பதில்லை. கேட்பவர்கள் தாய்மாரும் பாட்டிமாருமே.

கிராமத்து வீடுகளுக்கு இப்போது கூரை இல்லை. சுவர்கள் நிற்கின்றன. சமையல் அடுப்பு இருந்த மாடத்துக்குள் புல் முளைத்திருக்கின்றது. தேவாலயமும் பள்ளிக்கூடமும் மட்டும் திருத்திக் கண்காட்சியாக வைக்கப்பட்டுள்ளன. பிள்ளைகள் குறைந்ததால் அந்தப் பள்ளிக்கூடம் 1932 இலேயே மூடப்பட்டது. ஆயினும் வாங்கு மேசைகளும், மேற்சட்டை கொழுவும் கொக்கிகளுக்குப் பக்கத்தில் பிள்ளைகளின் பெயர்களும் இருக்கின்றன. என்னை நிறுத்தியது வேறொன்று. இடிந்த ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பலகை. இது தபாற்கந்தோர், இது இடையனின் வீடு, இங்கே இன்ன குடும்பம் இருந்தது, இவர்கள் இன்ன வேலை செய்தார்கள் என்று படங்களோடு எழுதியிருக்கின்றது. திரும்ப விடவில்லை. ஆனால் யார் யார் இருந்தார்கள் என்பதை மறைக்கவும் இல்லை. இரண்டையும் சேர்த்து எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அன்றிரவு தொலைபேசியில் அம்மாவுக்குச் சொன்னேன். கோட்டையையும் கடற்கரையையும் பற்றிச் சொன்னபோது "ம்" மட்டும் கொட்டினார். பலகைகளைப் பற்றிச் சொன்னதும் நிறுத்திக் கேட்டார்.

"ஒவ்வொரு வீட்டிலயுமோ பேர் எழுதியிருக்கு?"

"ஓம் அம்மா, ஒவ்வொரு வீட்டிலயும்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "நீ வா பிள்ளை. எங்கட ஒழுங்கையில ஆரார் இருந்தவை எண்டு நான் சொல்லுறன். நீ எழுது" என்றார்.

நாடு திரும்பிய பின் எழுதத் தொடங்கினோம். ஒரு கொப்பியில் நடுவில் கோடு கிழித்து அதை ஒழுங்கையாக்கி, இரு பக்கமும் வீடுகளை வரைந்தோம். எந்த வளவில் மாமரம் நின்றது, யார் வீட்டுக் கிணற்றில் நல்ல தண்ணீர், யார் சீட்டுப் பிடித்தவர், எந்த வீட்டில் கருவாடு காயும் என்று அம்மா ஒவ்வொன்றாகச் சொல்கிறார். சில நாட்களில் பக்கத்து வீட்டு மாமியும் வந்திருந்து திருத்தம் சொல்கிறார். இருவருக்கும் சண்டையும் வருகின்றது. இதுவரை 34 வீடுகள் எழுதியாயிற்று. ஒழுங்கை முடிவில், கடற்கரைப் பக்கமாக இருந்த வீட்டில் ஒரு தையற்கார அம்மா தனியாக இருந்தாராம். எங்கள் அக்காவுக்கு முதற் பாவாடை தைத்துத் தந்தவர் அவர்தான். இருவருக்கும் முகம் நினைவிருக்கின்றது, பெயர் வரவில்லை. மயிலிட்டியில் அவரை அறிந்த வாசகியர் எவராவது இருந்தால் இந்தச் சஞ்சிகையின் முகவரிக்கு எழுதுங்கள். அந்த வீட்டுக்குரிய கட்டத்தை வெறுமையாக விட்டு வைத்திருக்கின்றோம்.